உன் கல்யாணத்தில் நான் சாப்பிடாமல் திரும்பிய காரணம்

தங்கராசு,

நீ சொல்லியனுப்பிய சேதி வந்தது. உன் சித்தப்பன்தான் வந்து, உள்ளே வராமல் வாசலில் நின்றபடியே சொன்னான். முகூர்த்தத்துக்கு முன்னால் பெற்ற தகப்பன் பந்தலை விட்டுப் போனது உன் மாமனார் வீட்டில் பெரிய தலைகுனிவாகிவிட்டதாம். ‘வாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்குப் புத்தி நிலையில்லை, விவரம் புரியாமல் போய்விட்டார்’ என்று சொல்லி நீ சமாளித்து வைத்திருக்கிறாயாம். வருகிற வெள்ளிக்கிழமை நீயும் உன் பெண்டாட்டியும் மறுவீட்டுக்கு இங்கே வரும்போது நானும் அதையே சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமாம். எனக்கு வாதம் வந்தது உண்மை. வாய் கோணியது உண்மை. ஆனால் புத்தி ஒரு நாளும் கலங்கவில்லை. கலங்கியிருந்தால் எனக்கு எவ்வளவோ நல்லது. கோபம் வந்தால் இன்றும் எனக்கு வார்த்தை தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன். ராவுத்தர் கயிற்றுக்கடையில் ஒரு ஓரமாக உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாக இடது கையால் எழுதியது இது. எழுத எழுத ராவுத்தர் படித்தார், புல்லுக்கட்டு அங்கம்மாவுக்கும் படித்துக் காட்டினார். இதில் ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. உன் மாமனாரிடம் காட்ட வேண்டுமென்றால் காட்டு.

நான் விழுந்த நாள் உனக்கு நினைவிருக்கும். உனக்குப் பத்தொன்பது வயது. உன் அம்மா காய்ச்சலில் போய் ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. வீட்டில் நீயும் நானும் மட்டும். அன்று சந்தையில் ஒரு சோடி மாட்டுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். மாட்டுத் தரகு எப்படி நடக்கும் என்று நீ பார்த்து வளர்ந்தவன்தான். வாங்குகிறவன் கையும் என் கையும் ஒரு துண்டுக்குள்ளே இருக்கும், விலையை விரலைப் பிடித்துத்தான் சொல்ல வேண்டும். அவன் என் விரலைப் பிடித்தான். பிடித்தது எனக்குத் தெரியவில்லை. துண்டைப் பார்க்கிறேன், என் கை அங்கேதான் இருக்கிறது, ஆனால் யாருடைய கையோ மாதிரி இருக்கிறது. ‘என்னண்ணே, வெலையச் சொல்லாம பாக்குறீக?’ என்று அவன் கேட்டது காதில் விழுந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதோடு சரி. சாணியும் சகதியுமாகக் கிடந்த தரையில் விழுந்தேன். முப்பது வருஷம் வாயையும் வலது கையையும் வைத்துப் பிழைத்தவனுக்கு அந்த இரண்டையும் ஒரே நேரத்தில் சாமி எடுத்துக்கொண்டது.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார். மருந்து என்று பெரிதாக ஒன்றுமில்லை, உயிருக்குப் பயமில்லாமல் தப்பினால் கையையும் காலையும் விடாமல் அசைத்துக் கொடுங்கள், பேச்சுக் கொடுங்கள், மெல்ல மெல்ல வரலாம் என்று சொல்லி அனுப்பினார். அதை உன் சித்தப்பன் ‘கைவிரிச்சுட்டாங்க’ என்று ஊரில் சொன்னான். அதற்குப் பிறகு வந்த கூட்டத்தை நீ பார்த்தாய். பங்காளி, மாமன், மச்சான் என்று வீடு கொள்ளவில்லை. ஆரஞ்சுப் பழமாக வந்து குவிந்தது, விழுங்கத் தெரியாதவனுக்கு. அவர்கள் எல்லோரும் என் காலடியில் உட்கார்ந்து, நான் செத்தால் எந்தப் பக்கம் தலைவைத்துக் கிடத்துவது, கொள்ளிக்குடம் யார் எடுத்துக் கொடுப்பது, மேலக்காட்டை யார் உழுவது என்று பேசினார்கள். ‘அமாவாசையத் தாண்டாது’ என்று என் அக்காள் மகன் சொன்னான். எனக்கு எல்லாம் கேட்டது. ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. பேச முடியாதவனுக்குக் காதும் இருக்காது என்று நினைத்துக்கொண்டார்கள். இதை நீ மறக்காதே. நாளைக்கு உன் மாமனாருக்கோ வேறு யாருக்கோ இப்படி ஆனால், படுத்திருப்பவன் முன்னால் அவனைப் பற்றிப் பேசாதே. பேசுவதை அவனிடமே பேசு.

அமாவாசை தாண்டியது. நான் சாகவில்லை. சாவுக்கு வந்தவர்கள் ஏமாந்துபோன மாதிரி ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். முப்பதாம் நாள் வாக்கில் சித்தப்பன் வீட்டிலிருந்து கஞ்சி வருவது ஒரு வேளையானது. நாற்பதாம் நாள் யாருமே வரவில்லை. உன்னை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். முதல் மாதம் நீதான் என்னைத் தூக்கி உட்கார வைத்தாய், துடைத்துவிட்டாய். முகத்தைத் திருப்பிக்கொண்டு செய்தாய், ஆனால் செய்தாய். பிறகு காலையில் செய்துவிட்டு வெளியே போனால் பொழுது சாயத்தான் வருவாய். அந்த நாற்பதாம் நாள் நான் நனைந்த பாயில் ஈ மொய்க்கக் கிடந்தேன். அன்றைக்குத்தான் ராவுத்தர் வந்தார். சந்தையில் மூக்கணாங்கயிறும் மணியும் விற்பவர், எனக்கு அவரோடு வியாபாரப் பழக்கம், வேறொன்றுமில்லை. கதவைத் திறந்து பார்த்தார். உடனே வெளியே போனார். இவரும் போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மூக்கனைக் கூட்டிக்கொண்டு திரும்பினார்.

மூக்கனை இந்தக் கடிதத்தில் அவர் என்றுதான் எழுதப் போகிறேன். அந்த நாளில் அவன் இவன் என்று கூட இல்லை, ‘டேய்’ என்றுதான் எனக்கு வழக்கம், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர் என்று தெரிந்தும். நம் தெருவுக்கெல்லாம் சவரம் செய்தவர் அவர். சுளுக்கு, நரம்புப் பிடிப்பு எதுவானாலும் ஊரில் அவர் கைதான். அவர் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு கேட்டார், ‘அய்யா, தூக்கித்தான் தொடைக்கணும். உள்ள வரலாமா? தொடலாமா?’ என்று. எனக்கு அப்போது வாயில் ஒரே ஒரு வார்த்தைதான் மிஞ்சியிருந்தது. என்ன சொல்ல நினைத்தாலும் ‘போ’ என்றுதான் வரும். தண்ணீர் வேண்டுமென்றாலும் போ. வலிக்கிறது என்றாலும் போ. ஆனால் அன்றைக்கு மூக்கனிடம் நான் சொன்ன ‘போ’ நிஜமான போ. அந்தச் சகதியில் கிடந்தபோதும் எனக்கு அந்தத் திமிர் போகவில்லை. அவருக்கு அது புரியாமல் இருந்திருக்காது. ‘சரிங்கய்யா, போறேன். உங்களத் தொடச்சுட்டுப் போறேன்’ என்று உள்ளே வந்தார். என்னைப் பெற்றவளுக்குப் பிறகு அப்படி ஒரு கை என் மேல் பட்டதில்லை. முகத்தைத் திருப்பாமல் செய்தார்.

அதன் பிறகு தினமும் வந்தார். பூண்டு தட்டிப் போட்டு வேப்பெண்ணெய் காய்ச்சி, தோளிலிருந்து விரல் நுனி வரைக்கும், இடுப்பிலிருந்து கால் பெருவிரல் வரைக்கும் உருவி விடுவார். நொச்சித் தழையை வதக்கி ஒத்தடம் கொடுப்பார். ஒவ்வொரு விரலாகப் பிடித்து மடக்கி நீட்டி, ‘இது கட்டவெரலு. கூப்பிடுங்க, வருதான்னு பாப்போம்’ என்பார். நீட்டிய விரல் மடங்கவே மூன்று மாதம் ஆனது. அவருக்குத் தொழில் இருக்கிற நாளில் புல்லுக்கட்டு அங்கம்மா வருவாள். சந்தையில் புல் விற்கிறவள், ஊருக்கு வெளியே இருக்கிறவள். அவள் தலைச்சுமையை இறக்கிவைத்த இடத்தில் நான் தண்ணீர் தெளித்திருக்கிறேன். மூக்கன் சொல்லி அவள் கேப்பைக் கூழ் கொண்டுவந்தாள். வாய் ஒரு பக்கம் ஒழுகும். கரண்டியை எந்தப் பக்கம் வைத்தால் உள்ளே இறங்கும் என்று அவளே கண்டுபிடித்தாள். ‘போ’ என்றேன். ‘நான் போயிட்டா நீ எதத் திங்கப்போற?’ என்றாள். எனக்கு அதுவரை யாரும் அப்படிப் பதில் சொன்னதில்லை. கூழ் உள்ளே இறங்கியது.

ராவுத்தர் கடையிலிருந்து தேர்வடம் மாதிரித் தடித்த கயிறு ஒன்று வந்தது. நம் வாசல் தூணிலிருந்து எதிரே இருக்கிற வேப்பமரம் வரைக்கும் இடுப்பு உயரத்தில் ராவுத்தரே இழுத்துக் கட்டினார். இடது கையால் கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும், வலது பக்கம் ஒருவர் தோள் கொடுப்பார். காலையில் மூக்கன், வெயில் சாய்ந்த பிறகு ராவுத்தர், இரண்டுக்கும் நடுவில் சந்தைக்குப் போகிற வருகிற ஆட்கள். இன்னார்தான் என்றில்லை. வண்டிக்காரன் ஒருவன் மாட்டை அவிழ்த்துவிட்டு வந்து எனக்குத் தோள் கொடுத்துவிட்டுப் போவான். ராவுத்தர் மரத்தடியில் நின்றுகொண்டு கத்துவார், ‘ஓய் தரகரே, எம்புட்டு மாட்டுக்கு நடை பாத்து, நொண்டின்னு சொல்லி வெலையக் கொறச்சீரு! இப்ப உம்ம நடைய நாங்க பாக்குறோம். எட்டு வையும்!’ எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் வரும். ‘போ, போ’ என்று கத்துவேன். ‘அப்படித்தான், போறீரு, போயிக்கிட்டே இரும்’ என்பார். தெருவில் நம் சாதிசனம் சன்னலைச் சாத்திக்கொண்டது. கண்டவனும் தரகரைத் தொட்டு நடத்துகிறான் என்று பேசினார்கள். தொட்டு நடத்த அவர்களில் ஒருவரும் வரவில்லை.

இந்த நேரத்தில்தான் நீ கொழும்புக்குப் போனாய். உன் மாமன் அங்கே ஜவுளிக்கடையில் இடம் பார்த்திருப்பதாக எழுதியிருந்தான். ஒரு நாள் சாயங்காலம் என் பக்கத்தில் உட்கார்ந்தாய். அதற்கு முன்னால் பத்து நாளாக நீ என் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. ‘மாமா கடிதாசி போட்டிருக்காரு. இந்த எடத்த விட்டா வேற கெடைக்காதாம். போகட்டுமாப்பா?’ என்று கேட்டாய். நான் சொல்ல நினைத்தது வேறு. இன்னும் கொஞ்ச நாள், இந்தக் கால் ஊன்றுகிற வரைக்கும் இரு என்று சொல்ல நினைத்தேன். தலையை ஆட்டப் பார்த்தேன், அதுவும் கோணலாகத்தான் ஆடியது. வாயில் ‘போ’ என்று வந்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. நீ சட்டென்று என் காலைத் தொட்டுக் கும்பிட்டாய். ‘அப்பாவே போகச் சொல்லிட்டாரு’ என்று வாசலில் நின்ற உன் சித்தப்பனிடம் சொன்னாய். கூழ்ச் சட்டியோடு நின்ற அங்கம்மாதான் பேசினாள். ‘தம்பி, அந்த வாயில வேற வார்த்தை கெடையாது தம்பி. கண்ணப் பாத்துச் சொல்லு’ என்றாள். நீ அவளிடம் திரும்பி, ‘ஒனக்கு என்ன தெரியும்? ஒன் வேலையப் பாரு’ என்றாய்.

தங்கராசு, அந்த வார்த்தையை மட்டும் நீ சொல்லாமல் போயிருந்தால், பையனுக்குப் புரியவில்லை, சின்ன வயது என்று நான் மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன். நீ புரிந்துகொண்டுதான் போனாய். தெருவில் போகிற வண்டிக்காரனுக்குக்கூட என் ‘போ’வில் எது தண்ணீர், எது வலி என்று ஒரு மாதத்தில் விளங்கிவிட்டது. கூடவே இருந்த உனக்கு விளங்கவில்லை என்றால் யார் நம்புவது? நீ போனதற்காகக்கூட நான் உன்னைச் சபிக்கவில்லை. வயதுப்பிள்ளை, எத்தனை நாளைக்கு மூத்திரத்துணி அலசுவாய்? ‘எனக்கு முடியலப்பா, நான் போறேன்’ என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். போவதற்கு என் அனுமதியை என் வாயிலிருந்தே திருடிக்கொண்டு போனாயே, அதுதான் இத்தனை வருஷமும் என் நெஞ்சில் கிடக்கிறது.

நீ போன பிறகு வந்த தைப்பொங்கலுக்கு நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றேன். நம்ம அவனியாபுரத்தில் அன்றைக்கு இருக்கிற கூட்டம் உனக்குத் தெரியும். வாடிவாசலுக்குக் காளைகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். ஒரு காளை, கொம்பு சீவி, திமில் சரிந்து, நம் வாசலைத் தாண்டிப் போனது. என் வாய் என்னைக் கேட்காமலே ‘மயிலை’ என்றது. மூக்கன் எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே போட்டுவிட்டார். ‘என்ன சொன்னீக? இன்னொருக்கச் சொல்லுங்க!’ என்றார். ‘மயிலை’ என்றேன். அவர் தெருவில் இறங்கி ஓடினார், ‘ராவுத்தரே, அய்யா பேசிட்டாரு, மாட்டு நெறத்தச் சொல்லிட்டாரு!’ என்று. மறுநாளிலிருந்து ராவுத்தர் போகிற வருகிற மாட்டையெல்லாம் நம் வாசலில் நிறுத்த ஆரம்பித்தார். காரி, செவலை, பில்லை என்று சின்னப்பிள்ளை ஆனா ஆவன்னா படிக்கிற மாதிரி நான் மாட்டு நிறத்தில் தொடங்கித்தான் பேச்சை மீட்டேன். வலது கை மீளவில்லை. கால் இழுத்து இழுத்து நடக்கும். ஆனால் நடந்தேன். பேசினேன். இடது கையால் எழுதப் பழகினேன்.

நீ கொழும்பிலிருந்து ஒரு புட்டித் தைலம் அனுப்பினாய். அது வந்து சேர்ந்தபோது நான் யார் தோளையாவது பிடித்துக்கொண்டு சந்தை வரைக்கும் நடந்து போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். ஒன்பது வருஷம் கழித்து, உலகச் சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகு, நீ ஊருக்கு வந்து டவுன் மாசி வீதியில் சொந்தமாகக் கடை வைத்தாய். பெண் பார்க்கப் போன இடத்தில், ‘அப்பா படுத்த படுக்கையா கெடந்தாரு, நான் கொழும்புல இருந்து மருந்து அனுப்பித்தான் எந்திரிச்சாரு’ என்று சொன்னாயாம். ராவுத்தர் அதைக் கேள்விப்பட்டு வந்து சொல்லிச் சிரித்தார். மூக்கனும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனாலும் கல்யாணக் காரியம், கெடுக்க வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டேன். ‘முகூர்த்தம் முடிந்து மெதுவாக வந்தால் போதும், உங்களுக்கு உள்ளறையில் உட்கார இடம் போட்டிருக்கிறேன்’ என்று நீ எழுதியதையும் பொறுத்துக்கொண்டேன். கோணல் வாயோடு மணவறைப் பக்கம் வந்து நிற்காதே என்பதற்கு அதைவிட மரியாதையாக எழுத முடியாது. தகப்பன் செய்ய வேண்டிய சடங்கைச் சித்தப்பன் செய்வான் என்று முடிவாகியிருந்தது. சரி என்றுதான் விட்டேன்.

ஆனால் எனக்கு ஒரு ஆசை இருந்தது. என்னைத் தூக்கி நிறுத்திய மூன்று பேரையும் என் பிள்ளை கல்யாணத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரே பந்தியில் என் பக்கத்தில் உட்கார வைத்துச் சாப்பிட வேண்டும் என்று. நானேதான் அழைத்தேன். அங்கம்மா புதுச்சேலை எடுத்தாள். மூக்கன் வெள்ளை வேட்டி கட்டி, சந்தனம் பூசிக்கொண்டு வந்தார். விடிகாலையிலேயே வண்டி கட்டியதில், முகூர்த்தத்துக்கு முன்னாலேயே உன் மாமனார் ஊரான திருமங்கலம் போய்ச் சேர்ந்தோம். பந்தல் வாசலில் உன் மாமனாரின் தம்பி பன்னீர்ச்செம்போடு நின்றார். எனக்குத் தெளித்தார். ராவுத்தருக்குத் தெளித்தார். மற்ற இருவரையும் ஏற இறங்கப் பார்த்து, இன்னாரென்று விசாரித்துவிட்டு, ‘நீங்க ரெண்டு பேரும் பின்னால போங்க. பந்தி முடிஞ்சதும் ஏனத்துல போட்டுத் தருவாக’ என்றார். ‘அவங்க என்கூட வந்தவுக’ என்றேன். ‘யார்கூட வந்தா என்ன, மொறைன்னு ஒண்ணு இருக்குல்ல?’ என்றார். நீ மாலையோடு அந்தப் பக்கம் வந்தாய். நான் உன்னைப் பார்த்தேன். நீ அவர்களைப் பார்த்தாய். கிட்டே வந்து என் காதோரம், ‘அப்பா, இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கங்க. பெரிய எடத்துச் சம்பந்தம். அவுகளுக்கு நான் தனியா அனுப்பி வச்சிர்றேன்’ என்றாய். எவ்வளவோ சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வார்த்தையும் வரவில்லை, நாக்குக் கட்டிக்கொண்டது. திரும்பி வண்டிக்கு நடந்தேன். ராவுத்தரும் திரும்பிவிட்டார். புத்தி கலங்கிப் போனவன் என்று நீ சொன்னது அந்த நடையைத்தான்.

வண்டி கப்பலூரைத் தாண்டியது. அங்கம்மா புதுச்சேலையின் முந்தானையை மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு மூக்கன்தான் பேசினார். ‘அய்யா, நீங்க எறங்கி வந்திருக்கக் கூடாது. பிள்ள கல்யாணம். எனக்கு இது புதுசா? தம்பி காதுகுத்துக்கு நீங்க எந்திரிக்கச் சொன்னப்ப எந்திரிக்கலையா? அப்ப மக கூட இருந்தா, அதான் கொஞ்சம் சங்கடமாப் போச்சு. இப்ப நான் ஒத்த ஆளாத்தானே வந்தேன். எனக்கு ஒண்ணும் இல்ல.’

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். நான் அதை மறந்தே போயிருந்தேன். உனக்கு ஆறு வயதில் காது குத்தினோம். உனக்கு மொட்டை போட்டவர் மூக்கன்தான். பந்தி நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. வெளியே நின்ற மூக்கனும் அவர் மகளும் நனையாமல் இருக்கப் பந்தலுக்குள் வந்து, கடைசி வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரோ தெரியாமல் அவர்களுக்கு இலையும் போட்டுவிட்டான். நான் போய் அவர் கையைப் பிடித்து இழுத்து எழுப்பினேன். ‘டேய், எடம் குடுத்தா மடத்தப் புடுங்குவியா?’ என்றேன். அந்தப் பெண் கையில் பிசைந்த சோற்று உருண்டை இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே மழையில் இறங்கிப் போனாள். நீ என் தோளில் இருந்தாய். காதில் புதுக் கடுக்கனோடு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாய். அது மூக்கனுக்கு மறக்கவில்லை. அதை மனதில் வைத்துக்கொண்டுதான் ஒன்பது வருஷம் என் காலை உருவிவிட்டார், என் மலத்தைத் துடைத்தார். உன்மேல் இவ்வளவு கோபம் எழுதுகிறேனே, அதில் பாதி என்மேல்தான். பந்தல் வாசலில் நீ செய்ததை உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் வேறு யாருமில்லை. நான் கைப்பிடித்து இழுத்து எழுப்பினேன், நீ காதில் மெதுவாகச் சொன்னாய். கொழும்பில் கற்ற நாகரிகம் அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் மூக்கன் எண்ணெய் போட வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. தன்னால் ஒரு வீட்டுக் கல்யாணம் கெட்டதே என்று குமைந்துபோய்க் கிடக்கிறார் என்று அங்கம்மா வந்து சொன்னாள். உன் சித்தப்பனும் அவரைத் தெருவில் நிறுத்தி, ‘ஒன்னாலதான்டா எல்லாம்’ என்று பேசியிருக்கிறான். மூன்றாம் நாள் நான் கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அவர் வீடு ஊர்க்கோடியில் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் நான் அந்தப் பக்கம் போனதில்லை, அவர்தான் வருவார். தோள் கொடுக்க ஆள் இல்லாமல் அவ்வளவு தூரம் நடந்ததும் அதுதான் முதல் தடவை. மூன்று இடத்தில் நின்று நின்று போனேன். வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் பதறி எழுந்து, உட்கார எதைப் போடுவது என்று தேடினார். நான் தரையில் உட்கார்ந்தேன். ‘மூக்கண்ணே, பசிக்குது. சோறு போடச் சொல்லுங்க’ என்றேன். அண்ணே என்று கூப்பிட்டதும் அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ‘வேணாமய்யா. இங்க கைய நனச்சா ஒங்களத் தள்ளி வச்சிருவாக’ என்றார். அவர் பெண்டாட்டி அடுப்படியில் நின்று எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். ‘காதுகுத்துல எந்திரிக்கச் சொன்னேன். அதுக்கு இன்னைக்கு வந்திருக்கேன்’ என்றேன். அவள் ஒரு கும்பாவில் சோறு போட்டு, கருவாட்டுக் குழம்பு ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். நான் இடது கையால் சாப்பிட்டேன். மூக்கன் எதிரே உட்கார்ந்து அழுதார். சமாதானமாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். அந்தப் பிள்ளையைக் கையில் சோற்றோடு மழையில் இறக்கிவிட்டது ஒரு கும்பா சோற்றில் கழியாது. அவள் கட்டிக்கொடுத்த ஊரில் பிரசவத்தில் போய்ச் சேர்ந்து வருஷம் பல ஆகிவிட்டது. அவளிடம் போய்ச் சொல்ல எனக்கு வழியே இல்லை.

நான் அங்கே சாப்பிட்ட செய்தி அன்றைக்கே தெருவுக்குத் தெரிந்துவிட்டது. இனிமேல் நல்லது கெட்டதுக்கு எனக்குச் சொல்லுவதில்லை என்று பேசி முடித்துவிட்டார்களாம். உன் சித்தப்பன் வாசலிலேயே நின்று சேதி சொன்ன காரணம் அதுதான், உள்ளே வந்தால் அவனுக்கும் தீட்டு. படுத்துக் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள் இனிமேல் எட்டிப் பார்க்க மாட்டார்களாம். நான் நஷ்டப்பட்டதாகத் தெரியவில்லை. உனக்குத்தான் சங்கடம். உன் மாமனாருக்கு இது தெரிந்தால் என்ன சொல்வாரோ, அது உன் பாடு. புத்தி கலங்கியவன் என்று நீ சொல்லி வைத்திருப்பது உனக்கு இப்போது வசதியாக இருக்கும். நீ அப்படியே சொல்லிக்கொள். நான் மட்டும் என் வாயால் அதைச் சொல்ல மாட்டேன்.

மருமகள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவள் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. நன்றாக வைத்துக்கொள். அவள் வாய் திறந்து ஒன்று சொன்னால், சொன்ன வார்த்தையோடு நிற்காமல் அவள் கண்ணையும் பார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நீங்கள் வரும்போது நம் வீடு பூட்டியிருக்கும். அங்கே சாப்பிட்ட நாளிலிருந்து மத்தியானச் சாப்பாடு எனக்கு மூக்கண்ணன் வீட்டில்தான். கம்மாய்க்கரைக்கு இந்தப் பக்கம், கடைசி வரிசையில் மூன்றாவது வீடு, ஓலை வேய்ந்தது. யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். இரண்டு பேருக்குக் கூடுதலாகச் சமைக்கச் சொல்லி அவர் பெண்டாட்டியிடம் நேற்றுச் சொல்லிவைத்தேன். ‘வருவாகளா?’ என்று கேட்டாள். ‘ஒலைய வையி தாயி’ என்று மட்டும் சொன்னேன்.

உன் தகப்பன்